ஒயர் சொருகும் முன்



பங்குனி பிறந்துவிட்டது. மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான், திருமங்கலம் என்று மதுரையிலிருந்து எந்தப் பக்கம் ராத்திரி பஸ் ஏறினாலும், ஏதாவது ஓர் ஊர் முகப்பில் சீரியல் செட் வளைவும், கண்மாய்க் கரைப் பொட்டலில் ஒரு மேடையும், அதில் மெல்லிசைக் கச்சேரியும் கண்ணில் படும். பாடுகிறவர்களின் முகம் பேனரில் இருக்கும். கீபோர்டுக்காரரை அறிவிப்பாளர் இரண்டு தடவையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஓரத்தில் நின்று விடிய விடிய கிட்டார் வாசிப்பவரின் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. இந்த மாதப் பக்கம் அவருக்காக.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கடிதம் எழுதியிருந்தார். பத்து வருடமாகக் கச்சேரியில் லீட் வாசிக்கிறவர். மதுரை கே.புதூரில் ஒருவர் தன்னுடைய மாடலிங் கிட்டாரை விற்கிறாராம்; ட்ரெமோலோ பிரிட்ஜ் வைத்தது, பழையது, எடுக்கலாமா என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி: “ஒரு சீசன் சம்பாத்தியம் இதுல போயிரும்ணே, பாத்துச் சொல்லுங்க.” அந்த வரியைப் படித்த பிறகு தபாலில் பதில் போட மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சேர்ந்தே போய்ப் பார்ப்போம் என்று எழுதிவிட்டேன். அங்கே பார்த்ததைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால், இப்படி ஒரு கிட்டார் அவருக்கு ஏன் தேவைப்படுகிறது என்று சொல்ல வேண்டும்.

பக்திப் பாட்டில் தொடங்கும் கச்சேரியில், பதினொரு மணி வாக்கில் கூட்டத்திலிருந்து ஒரு சீட்டு வரும்: ‘இளைய நிலா’. 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துக்காக அந்த அக்கூஸ்டிக் கிட்டாரை மீட்டியவர் ஆர். சந்திரசேகர். இன்றைக்கும் கிட்டார் எடுத்தவன் அதை வாசித்துக் காட்டாமல் ஊரில் தப்ப முடியாது. அதைச் சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்தால் சுரம் எல்லாம் சரியாக இருக்கும், பாட்டு மட்டும் ஒட்டாது. அடுத்த சீட்டு ஒரு குத்துப்பாட்டு. அதற்கு டிஸ்டார்ஷன் வேண்டும். அதற்கடுத்து ஒரு பழைய பாட்டு, நடுவில் சிதார் பிட் வரும். மூன்று கிட்டார் கொண்டுபோகலாமே என்று கேட்பவர்கள், ஒரு தடவை டாட்டா ஏஸ் வண்டியில் ஸ்பீக்கர் பெட்டிக்கும் டிரம்ஸுக்கும் இடையில் உட்கார்ந்து அறுபது கிலோமீட்டர் போய்விட்டு வர வேண்டும்.

சுருதி இன்னொரு பாடு. இன்றைக்குப் பாட வந்த தங்கச்சிக்கு ஐந்தரைக் கட்டை சரியாக இருக்கும். நாளைக்கு வேறொருவர் ஐந்தில் பாடுவார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஓர் அழுத்து அழுத்திவிட்டு நிமிர்ந்துவிடுவார். கிட்டார்க்காரர் கேபோவைத் தேட வேண்டும். அதுவும் ஏற்றத்தான் உதவும், இறக்க உதவாது.

இந்த நிலத்துக்கும் கிட்டாருக்கும் உள்ள உறவு சின்னதில்லை. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராக மேடையேறிய தம்பிதான் 1968-இல் சென்னைக்குப் போனார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார், ஸ்டூடியோக்களில் கிட்டார் வாசித்தார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு அவர் பெயர் இளையராஜா. திருவிழாப் பொட்டலில் நிற்கிற கிட்டார்க்காரரை நான் அந்த வழியில் வந்தவராகத்தான் பார்க்கிறேன்.

மாடலிங் கிட்டார் என்பது ஒரே உடம்பில் பல கிட்டார்களின் குரலை வைத்திருப்பது. சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில், காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்த பிக்கப் கம்பிகளுக்கு அடியில் இருக்கும். மாடலிங் கிட்டார்களில் பலவற்றில், கம்பி உட்காருகிற ஒவ்வொரு சாடிலுக்குள்ளும் ஒரு பீசோ சில்லு இருக்கிறது. வீட்டில் அடுப்புப் பற்றவைக்கும் கேஸ் லைட்டரை அழுத்தினால் பொறி பறக்கிறதே, அதே தத்துவம்தான்: அழுத்தம் மின்சாரமாகிறது. ஆறு கம்பிக்கு ஆறு சில்லு, ஆறு தனி ஒயர். உள்ளே இருக்கிற சின்னக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகக் கேட்டு, நாம் திருப்பி வைத்த குமிழுக்கு ஏற்ப அதை மரக் கிட்டாராகவோ பன்னிரண்டு கம்பிக் கிட்டாராகவோ மாற்றி அனுப்புகிறது. ஜெனரேட்டரும் சீரியல் செட்டும் பக்கத்திலேயே ஓடுகிற நம் மேடைகளில், காந்தச் சுருள் இழுத்துக்கொண்டு வரும் ‘ம்ம்ம்’ இரைச்சல் இதில் அவ்வளவாக ஏறாது. இதற்காகவே இதை விரும்புகிறவர்கள் உண்டு.

1995-இல் ரோலண்ட் நிறுவனம் விஜி-8 என்று ஒரு பெட்டியை விட்டது. அதற்கான தனிப் பிக்கப்பைக் கிட்டாரில் பொருத்திப் பெட்டியோடு சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் அந்த மூளையைக் கிட்டாருக்கு உள்ளேயே வைத்து, வேரியாக்ஸ் என்ற பெயரில் 2003 வாக்கில் கடைக்குக் கொண்டுவந்தது. 1967-இல் வந்த கோரல் எலெக்ட்ரிக் சிதாரின் குரல்கூட அதில் உண்டு. அது நம் சிதார் ஆகிவிடாது; பொட்டலில் நின்று கேட்கிறவருக்குப் பாட்டை ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். 2007-இல் ஃபெண்டரும் ரோலண்டும் சேர்ந்து விஜி ஸ்ட்ராடோகாஸ்டரைச் செய்தன. 2010-இல் ஜேம்ஸ் டைலர் என்ற கிட்டார்க் கைவினைஞரின் வடிவமைப்பில் புது வேரியாக்ஸ் வரிசை வந்தது; அதில் 69 என்ற எண் போட்டது ட்ரெமோலோ பிரிட்ஜ் உள்ளது. காந்தப் பிக்கப்பும் மாடலிங்கும் இரண்டும் அதில் இருக்கும், குமிழைத் திருப்பியே சுருதி மாற்றலாம். பிறகு லைன் 6-ஐ யமஹா வாங்கிக்கொண்டது. நம் பக்கம் செகண்ட்ஹாண்டில் எப்போதாவது கைக்கு வருபவை, வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் வரும்போது கொண்டுவந்தவைதான்.

கே.புதூர் கிட்டாரும் அப்படித்தான், சிங்கப்பூரிலிருந்து வந்தது. எந்தக் கம்பெனி என்பது இருக்கட்டும். பத்து வயது தாண்டிய எந்த மாடலிங் கிட்டாருக்கும் நான் சொல்லப்போவது பொருந்தும். வீட்டுக்காரர் நல்ல மனிதர். காபி கொடுத்தார், பெட்டியைத் திறந்தார், உடனே ஆம்ப்ளிஃபையரில் ஒயரை மாட்டப் போனார்.

“இருங்க சார், ஒயர் அப்புறம் மாட்டிக்கலாம்” என்றேன்.

அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒயரைச் சொருகிவிட்டால் குமிழைத் திருப்பத் திருப்பக் குரல் மாறும், சந்தோஷத்தில் கை வேறு எதையும் தேடாது. பத்து நிமிடம் கழித்து விலை பேசிக்கொண்டிருப்போம். எத்தனை கம்ப்யூட்டர் உள்ளே இருந்தாலும், அடியில் அது மரமும் கம்பியும்தான். மரம் வளைந்திருந்தால், ஃப்ரெட் தேய்ந்திருந்தால், எந்தக் குமிழும் அதைச் சரிசெய்யாது.

தம்பி கிட்டாரை மடியில் வைத்து, ஒயர் இல்லாமலேயே ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துப் பார்த்தார். எங்காவது ‘ட்ர்ர்’ என்று உரசுகிறதா, எங்காவது குரல் அடங்கிப்போகிறதா என்று. பிறகு முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அமுக்கிக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று கண்ணை ஒட்டிப் பார்த்தார். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு, நல்ல நெக். கையை நெக் ஓரத்தில் மேலும் கீழும் ஓட்டியபோது மட்டும் ஃப்ரெட் முனைகள் லேசாகக் குத்தின. மதுரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும், ஃப்ரெட் சுருங்காது, முனை வெளியே நீட்டும். அக்னி நட்சத்திரத்தில் இங்கே பல கிட்டார்கள் கையைக் கீறும். அரம் வைத்துத் தேய்த்தால் தீரும் விஷயம், பயப்பட வேண்டியதில்லை.

அடுத்து ட்ரெமோலோ. இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

1954-இல் லியோ ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் இந்த பிரிட்ஜைக் கொண்டுவந்தார். ட்ரெமோலோ என்றால் உண்மையில் சத்தம் கூடிக் குறைவது. இது செய்வது சுரத்தை அசைப்பது. பெயரைத் தப்பாக வைத்துவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. கம்பிகள் ஆறும் ஓர் உலோகத் தகட்டில் கட்டப்பட்டு, தகடு ஒரு விளிம்பில் ஊசலாடும். முன்பக்கம் கம்பிகள் இழுக்கும், முதுகுப் பக்கம் குழிக்குள் மூன்று முதல் ஐந்து ஸ்பிரிங்குகள் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாக இருக்கும் வரை சுருதி நிற்கும்.

அந்தச் சமநிலை குலைந்தால் என்ன ஆகும் என்பதை நான் மேடையில் நின்று அனுபவித்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா. செகண்ட்ஹாண்டில் வாங்கிய கிட்டார், பிரிட்ஜ் உடம்பில் படியாமல் மிதந்துகொண்டிருக்கும் வகை. அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. சரணம் நடுவில் மூன்றாம் கம்பி ‘டப்’ என்று அறுந்தது. ஒரு கம்பி போனால் மற்ற ஐந்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று கையை வைத்தேன். ஐந்தும் சுருதி ஏறிப்போய் நின்றன. ஒரு கம்பியின் இழுப்பு போனதும் ஸ்பிரிங்குகள் ஜெயித்துத் தகட்டைப் பின்னால் இழுத்துவிட்டன. பாடிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு மீதிப் பாட்டு முழுக்க நான் கையைக் கம்பியில் வைத்தபடி, சத்தம் வராமல் நின்றேன்.

அதனால் தம்பியிடம் சொன்னேன்: ட்ரெமோலோ வைத்த கிட்டாரைத் தயங்காமல் எடுங்கள், ஆனால் கச்சேரிக்கு அதை மிதக்க விடாதீர்கள். முதுகுப் பக்கத் தகட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கி, பிரிட்ஜ் உடம்போடு படிந்து உட்காரும்படி செய்யுங்கள். குழிக்குள் தகட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புக் கட்டைக்கு நெக் பக்கமாக, அளவாக ஒரு மரத்துண்டு செருகினாலும் சரி. சுரத்தை இறக்கி ஆட்டலாம், ஏற்ற முடியாது. ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை அசையாது.

கர்நாடக இசை வாசிக்கிற வாசகர்களுக்கும் இது முக்கியம். எலெக்ட்ரிக் கிட்டாரில் சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும், மின் மாண்டலினில் யு. ஸ்ரீநிவாஸும் காட்டிய கமகம் எல்லாம் இடது கை விரல் செய்தது. மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியை இழுத்துக் கமகம் பிடித்தால், பிரிட்ஜே கொஞ்சம் முன்னால் சாய்ந்து மற்ற கம்பிகள் சுருதி இறங்கும். சுருதிக்காக அடியில் ஒரு கம்பியை ஒலிக்க விட்டு வாசிப்பவருக்கு அது காதில் முள்.

சோதிப்பது சுலபம். சுருதி சேர்த்துக்கொண்டு, பிரிட்ஜை ஆட்டும் கைப்பிடியான பாரைப் பிடித்துக் கம்பி தொளதொளக்கும் வரை அமுக்கி, விடுங்கள். ட்யூனரைப் பாருங்கள். பழைய இடத்துக்கே திரும்பினால் நல்லது. கொஞ்சம் பிசகினால் பெரும்பாலும் நெக் நுனியில் இருக்கும் நட்டில் கம்பி சிக்குகிறது. பென்சில் கரியைத் தேய்த்தால் வழிவிடும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் நின்றால், பிரிட்ஜ் ஊசலாடும் விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பார் திருகும் துளையில் மரை போயிருக்கிறதா என்றும் விரலால் சுற்றிப் பாருங்கள். கே.புதூர் கிட்டார் இதில் எல்லாம் தேறியது.

அப்புறம்தான் ஒயரை மாட்டச் சொன்னேன்.

அக்கூஸ்டிக் குரலில் வைத்து, ஒவ்வொரு கம்பியையும் ஒரே அழுத்தத்தில் தட்டச் சொன்னேன். ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. இரண்டாவது கம்பி மட்டும் ஒரு படி கீழே கேட்டது. “கம்பி பழசுண்ணே, துரு ஏறிருக்கு” என்றார் தம்பி. இருக்கலாம். காந்தப் பிக்கப்புக்கு மாற்றினோம், அதே கம்பி மற்றவற்றுக்குச் சமமாக ஒலித்தது. அப்படியானால் குறை கம்பியில் இல்லை. மறுபடி அக்கூஸ்டிக்கில் வைத்து, இரண்டாவது கம்பியை ஒலிக்க விட்டு, பாரை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினார். ‘கர்... கர்...’ என்றது ஸ்பீக்கர். பார் நின்றால் கரகரப்பும் நின்றது.

மாடலிங் கிட்டாரில் ட்ரெமோலோ இருந்தால் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இதுதான். நிலையான பிரிட்ஜில் அந்த ஆறு ஒயரும் போட்ட இடத்தில் கிடக்கும். ட்ரெமோலோவில் பிரிட்ஜ் அசைய அசைய அவையும் அசையும். பத்து வருடம் வளைந்து நிமிர்ந்த ஒயர் எங்காவது ஓரிடத்தில் களைத்துப்போகும். முதுகுத் தகட்டைக் கழற்றிச் செல்போன் விளக்கைப் பிடித்தோம். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான ஆறு ஒயர்கள் சேர்ந்து வருகிற இடத்தில், ஒன்று மட்டும் இரும்புக் கட்டையின் விளிம்பில் உரசி, மேல்தோல் போய், செம்பு மினுங்கியது.

வீட்டுக்காரருக்கு முகம் வாடிவிட்டது. “எனக்கு இது தெரியவே தெரியாதுங்க” என்றார். தெரிந்திருக்க வழியும் இல்லை. அவர் பாரைத் தொட்டதே இல்லை. டவுனில் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்க்கும் ஓர் அண்ணனுக்குப் போன் போட்டோம். ஒயர்தான் போயிருக்கிறது, சில்லு நன்றாக இருக்கிறது என்றால் பற்றவைத்துக் கொடுத்துவிடலாம் என்றார். சில்லே போயிருந்தால் கதை வேறு. அந்தச் சாடில் அந்தக் கிட்டாருக்கென்றே செய்தது, மதுரையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் ஒரு கம்பி முழுக்க ஊமையாக இருந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும், உதிரி எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் எடுக்காதீர்கள்.

பேட்டரியையும் விட்டுவிடக் கூடாது. ஆரம்ப வேரியாக்ஸ்களிலும் விஜி ஸ்ட்ராடோகாஸ்டரிலும் பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்டார்ச் பேட்டரியே போடலாம். பின்னால் வந்த சிலவற்றில் சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி; புதிதில் ஒரு ராத்திரிக் கச்சேரியைத் தாங்கும், பத்து வருடம் கழித்து இரண்டு பாட்டுக்குத் தாங்குமா என்பதைக் கையில் வைத்து ஓட்டித்தான் பார்க்க வேண்டும். உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். மாற்றுப் பேட்டரி கிடைக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் விசாரியுங்கள். பெரும்பாலும் ஒயரைச் சொருகியதும் கிட்டார் விழித்துக்கொள்ளும், உருவாமல் வைத்தால் பேட்டரி காலி. அமெரிக்காவிலிருந்து வந்ததாக இருந்தால் அடாப்டரில் 240 வோல்ட் வரை போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை படித்துவிடுங்கள்.

இன்னொன்று. குமிழைத் திருப்பிச் சுருதியை இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து வாசித்தால், காதுக்குப் பக்கத்தில் கம்பி பழைய சுருதியிலும் ஸ்பீக்கரில் புதுச் சுருதியிலும் ஒலிக்கும். தம்பி அரண்டுவிட்டார். அது குறை இல்லை. கம்பி தன் சுருதியில்தான் அதிர்கிறது, மாற்றம் உள்ளே நடக்கிறது. மேடைச் சத்தத்தில் இது கேட்காது, ஆனால் வீட்டில் சாதகம் செய்யும்போது தொந்தரவு செய்யும். அக்கூஸ்டிக் குரலில் ஸ்பிரிங்குகள் லேசாக முனகுவதும் அப்படித்தான். குழிக்குள் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வைத்தால் அடங்கும்.

விலை பேசும்போது நான் வெளியே திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். புது விலையில் பாதிக்கு மேல் போக வேண்டாம் என்று மட்டும் முன்பே சொல்லியிருந்தேன். ரிப்பேர் செலவைக் கழித்துக்கொண்டு கொடுக்கிறேன் என்று வீட்டுக்காரரே சொல்லிவிட்டாராம். பெட்டியையும், ஒரு கவரில் சுற்றி வைத்திருந்த பாரையும், ஆறு செட் புதுக் கம்பியையும் சும்மாவே கொடுத்தார். “வாசிக்கிற ஆள் கைக்குப் போகுது, அது போதும்” என்றார். மாட்டுத்தாவணியில் உசிலம்பட்டி பஸ் கிடைக்காது, ஆரப்பாளையம் போக வேண்டும். ஆட்டோவில் கிட்டார்ப் பெட்டியை மடியில் படுக்கவைத்துக்கொண்டு தம்பி கிளம்பினார்.

ஒயர் பற்றவைத்தாகிவிட்டது என்று நேற்று போனில் சொன்னார். இரண்டாவது கம்பி இப்போது மற்ற ஐந்தோடு சேர்ந்துகொண்டதாம். வருகிற கோயில் பொங்கல் திருவிழாவில் அவர் ஊரிலேயே கச்சேரி, வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன்.

வாசகர்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். உங்கள் ஊரில் கிட்டாருக்கு ஃப்ரெட் மாற்றுகிறவர், நட் செதுக்குகிறவர், இப்படி மெல்லிய ஒயரைப் பொறுமையாகப் பற்றவைக்கிறவர் யாராவது இருந்தால், அவர் சம்மதத்தோடு விவரத்தை எங்களுக்கு எழுதுங்கள். திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, எந்த மாவட்டமானாலும் சரி. பரணில் ஒரு பழைய மாடலிங் கிட்டார் செத்துக் கிடந்தால் அதையும் எழுதுங்கள். அதன் சாடில் வேறு யாருக்காவது வேண்டியிருக்கும். சித்திரை இதழில் ஒரு பக்கம் அதற்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்